விரதம் கலைந்த அமாவாசை

செஞ்சி கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற எனக்கு வாயாடிச் செட்டியார் என்றே பெயர். ஆனால் அமாவாசையன்று வாய் திறக்க மாட்டேன். மகன் உடம்பு தேறியதற்காக மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்ட மௌன விரதம். வியாபாரமெல்லாம் சைகைதான்.

ஒரு அமாவாசையில், ஆப்பசோடா கேட்ட ஆரோக்கியமேரியம்மாவுக்கு எலிப் பாஷாணத்தைப் பொட்டலம் கட்டிவிட்டேன். அவர் பஸ் ஏறிய பிறகே, நான் அள்ளிப்போட்ட டப்பா எது என்று கவனித்தேன். ஓடிப்போய்க் கைதட்டினேன்.

"செட்டியாருக்கு சாமி வந்துட்ச்சுடா!" என்று கண்டக்டர் சிரித்தான். பஸ் நகர்ந்தது. பேசினால் மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தயங்கினேன். பிறகுதான், "நிறுத்துப்பா, அது விஷம்!" என்று கத்தினேன்.

பஸ் நின்றது; பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தயங்கியதையும் மறைக்காமல் அந்த அம்மாவிடம் சொன்னேன். "உன் புள்ள மட்டுந்தான் புள்ளையா செட்டியாரே?" என்றார்.

இப்போது அமாவாசையன்று கடையைப் பூட்டிவிட்டுத்தான் விரதம். பேசாமல் உட்கார்ந்தால் அவர் கேட்டதுதான் காதில் விழுகிறது.