பாவின் மேல் ஏறிய கோழி

என் கோழிகளை அந்தத் தெருவிலிருந்து விரட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பழசை மறந்துவிடு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் யாரும் அந்தப் புழக்கடையில் மண் சுமந்தவர்கள் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பட்டு நெசவுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். முன்பக்கம் தறி, நடுவில் அடுப்படி, பின்னால் புழக்கடை. பட்டு நூலைச் சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்து அலசுகிற தண்ணீரை வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டியிருந்தார்கள். புல்கூட முளைக்காது. வாழைக்கு எந்தத் தண்ணீரும் ஆகும் என்று நம்பி, முதல் கன்றை அந்தத் தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே வைத்தேன். இலை மஞ்சளாகி, குருத்து கருகி, ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்தது.

"இந்த மண்ணுல இன்னா வரும்?" என்று என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

சோடாத் தண்ணீரைத் தனிக் குழிக்குத் திருப்பினேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை மட்டும் வாழைக்கு விட்டேன். என் அம்மா வீடு களம்பூர். அங்கே ரைஸ் மில் பின்னால் உமி மலையாய்க் கிடக்கும். பஸ் மேல் மூட்டை ஏற்றி உமி கொண்டுவந்தேன், கூடவே ஒரு சேவலும் சில பெட்டைகளும். கோழி எச்சத்தை அப்படியே மிளகாய்ச் செடிக்குப் போட்டதில் செடிகள் வெந்து போயின. பிறகுதான் கூண்டுக்குள் உமியைப் பரப்பி, எச்சமும் உமியும் சருகும் சேர்ந்து கறுத்து மண்வாசனை வரும்வரை விட்டுவைக்கப் பழகினேன். கத்தரி நாற்று நட்ட பாத்தியில் கோழிகளைத் திறந்துவிட்டு, அவை ஒரே பொழுதில் எல்லாவற்றையும் கிளறிப் போட்டது இன்னொரு கூத்து. அதற்குப் பிறகு முள்வேலி கட்டி, காய்த்து ஓய்ந்த பாத்தியில் மட்டும் மேயவிட்டேன். கறையானையும் புழுவையும் அவை பார்த்துக்கொண்டன. மூன்றாம் வருஷம் அவரை பந்தலில் வானம் தெரியாமல் படர்ந்தது. சிரித்த மனிதர் அவரைக்காய்ப் பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நெசவுத் தெருவில் கோழி வளர்க்க ஒரு கட்டுப்பாடு உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் தெரு நெடுகப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். ஒரு சேலைக்கு நீளவாக்கில் ஓடும் அத்தனை பட்டு இழையும் அங்கே விரிந்து நிற்கும். அந்த வேலை முடியும்வரை நான் கூண்டைத் திறக்கவே மாட்டேன். ஒரு நாளும் தவறியதில்லை.

ஆனால் கூண்டைத் திறக்க இன்னொருவர் இருந்தார். என் கணவரின் பெரியப்பா. பக்கத்து வீடு. தெருவில் எந்த வழக்கானாலும் அவர் வைத்ததுதான் தீர்ப்பு. நெஞ்சு பலவீனம், பச்சை முட்டை குடியுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவர் மனைவியோ முட்டையை வாசற்படி தாண்ட விடமாட்டார். அதனால் ஊரே பாவோடு தெருவில் நிற்கும் நேரம் பார்த்து, அவர் எங்கள் புழக்கடைக்கு வருவார். கூண்டைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து, அங்கேயே உடைத்துக் குடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போவார். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. பெரியவர் குடித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் இருந்தேன்.

ஒரு நாள் மூடாமல் போய்விட்டார். கோழிகள் சந்து வழியாகத் தெருவுக்கு ஓடிக் கஞ்சிச் சட்டியில் வாய் வைத்தன. யாரோ குச்சியை வீச, ஒரு பெட்டை பயந்து பறந்து பாவின் மேலேயே ஏறிவிட்டது. நகத்தில் சிக்கிப் பட்டு இழைகள் அறுந்தன.

பிள்ளையார் கோவில் முன்னால் கூடினார்கள். நடுவில் யார் உட்கார்ந்தது? அவரேதான்.

"கோழி வளக்கறது தப்பில்லமா. கூண்ட ஒழுங்கா மூடணும். நெசவுத் தெருவுல இது பெரிய பேஜாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் வித்துடு."

நான் விடவில்லை. "நான் மூடிதான் வெச்சிருந்தேங்க மாமா. முட்டை எடுத்துகினு போனவங்கதான் மூடாம போனாங்க. இவர கேளுங்க. கெணத்தாண்ட பல்லு வெளக்கிகினு பாத்துகினுதான் இருந்தாரு."

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

"உன் முட்டைய யாருமா எடுக்கப் போறாங்க?" என்று பெரிய மாமனார் கேட்டார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

கோழிகள் போயின. அந்த மழைக்காலத்தில் பந்தல் கால்களில் கறையான் ஏறியது. அவரையைப் புழு தின்றது. மருந்து அடித்தால் போகுமே என்றார் என் கணவர், வேறு யாருடைய தோட்டத்தையோ பற்றிப் பேசுவது போல.

கொஞ்ச நாளில் கடையிலிருந்து முட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "பெரியப்பா ரொம்ப எளைச்சிட்டாரு. தெனம் நம்ம வீட்டுல குடிக்கட்டும். ஜல்தி ஒண்ண ஒடச்சி டம்ளர்ல ஊத்து."

"கோழிக்காகத் தொறக்காத வாய் முட்டைக்கு மட்டும் தொறக்குதா?" என்று கேட்டேன். முட்டையைத் தொடவில்லை. அன்றைக்கே களம்பூருக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை திரும்பி வந்தபோது தெருவில் சிவப்புப் பாவு விரிந்திருந்தது. பெரிய மாமனார் முக்காலி போட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கோழிக் கூடையோடு நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

"பெட்டைங்க மாமா. முட்டை வெக்கிற ஜாதி. வேணும்னா முன்வாசல் வழியா வந்து, எல்லாரு எதிர்லயும் கேட்டு வாங்கிக்குங்க."

கஞ்சி போட்ட கைகள் நின்றன. கோழியை விற்கச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

சில நாள் கழித்து அவர் வந்தார், முன்வாசல் வழியாகவே. "ஒரு முட்டை குடும்மா" என்றார். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும் குரல்தான். எடுத்துக் கொடுத்தேன். படியில் நின்றே குடித்தார். "அன்னிக்கி கூண்ட நான்தாமா மூடல" என்றார். அந்த இடத்திலேயே என் கோபம் அவரைவிட்டுப் போய்விட்டது.

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் தலையைத் தூக்கவே இல்லை. அவர்மேல் உள்ளது இன்னும் போகவில்லை.