லிஃப்ட் அண்ணனின் பெட்டி

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்ளாவிட்டால் லிஃப்ட் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கிரீஸ் கையோடு மாடி மாடியாகத் திரிவார். அவர் வீட்டில் துணி அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு மேசை. அதன்மேல், நேரத்தைப் பிசகாமல் கணக்கிட அவரே செய்த ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு படிகம், நொடிக்கு ஒரு கோடி முறை துடிக்கும். சூடு மாறினால் துடிப்பும் மாறும் என்பதால் அதற்கென்று ஒரு குட்டி அடுப்பு. ஆறு வருடமாக அதை அணைத்ததே இல்லை. கரண்ட் போனால் பேட்டரி. தினமும் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் வரும் நேரக் குறிப்பின் 'டிக்' ஒலியோடு பெட்டியை ஒப்பிட்டு, எவ்வளவு பிசகியது என்று நோட்டில் எழுதுவார். "முதல்ல அதுக்குத்தான் குட் மார்னிங், எனக்கு அப்புறம்தான்" என்பார் அண்ணி.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள் ஏழு பேர். மாதம் ஒரு ஞாயிறு காலை ஒரு டிவி ரிப்பேர் கடையில் கூடுவோம். அப்போது நான் புதிதாக ஒரு கவுண்ட்டர் வாங்கியிருந்தேன். துடிப்பை எண்ணிக் காட்டும் கருவி. என் பெட்டியை அதில் மாட்டினால் ஒன்றுக்குப் பின்னால் அத்தனையும் சைபர். ஒரு மாதமாக ஒரு எண்கூட அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் கடைக்குத் தூக்கிப் போனேன். அண்ணனும் பேட்டரியோடு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அவருடையதை அளந்தேன். கடைசி இரண்டு எண்கள் பிசகு.

"அண்ணே, ஆறு வருஷமா தப்பைத்தான் அழகா எழுதி வச்சிருக்கீங்க. வானத்துல முட்டித் திரும்பி, தாமதமா வர்ற ரேடியோ சிக்னலை எல்லாம் இன்னும் நம்புறீங்களா?" என்றேன், அத்தனை பேர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அடுத்த மாதம் அவர் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து மேசையைத் துடைத்தபோது என் பெட்டியில் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு கைபட்டுத் திரும்பிவிட்டது. எண் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இன்னும் திருப்பினேன். அதே சைபர்கள். பின்பக்கம் ஒயரைப் பார்த்தேன். அடப் பாவி! கவுண்ட்டர் எதை அளவுகோலாக வைத்து எண்ணுமோ, அந்த இடத்திலும் என் பெட்டியையே சொருகியிருக்கிறேன். என்னை வைத்தே என்னை அளந்தால் எந்தக் காலத்தில் தப்புக் காட்டும்? அண்ணனுடையதையும் அதை வைத்தேதான் அளந்திருக்கிறேன். அந்தப் பெட்டியின் துடிப்பை எண்ணி ஓட நான் மாட்டியிருந்த கடிகாரத்தை, பல மாதம் கழித்து முதல்முறையாக ரேடியோவோடு வைத்துப் பார்த்தேன். அரை நொடி பின்தங்கியிருந்தது. பிசகியது என்னுடையது, அண்ணனுடையது அல்ல.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உடனே ஓடியிருக்க வேண்டும். பதினோரு நாள் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பன்னிரண்டாம் நாள் போனேன். மேசைமேல் பெட்டி இருந்தது. தொட்டேன். சில்லென்றிருந்தது.

"அணைச்சிட்டீங்களா?"

"அன்னிக்கே அணைச்சிட்டேன் தம்பி. நீ அளக்காம சொல்ல மாட்டியே."

பக்கத்தில் நோட்டு. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து: 'இதுவரை எழுதியது எல்லாம் தவறு. தம்பி சரிபார்த்தார்.'

ஒயர் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் நோட்டைக் கையில் எடுத்தார்.

"அப்போ ஆறு வருஷமும் சரியா?"

"சரிண்ணே."

"ஏய், கேட்டியா? சரியாத்தான் இருந்துச்சாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். கோபம் துளிகூட இல்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அண்ணி வாசல்படியில் வந்து நின்றார். "ஊரைக் கூட்டிச் சொன்னீங்க. வீட்டுக்கு வந்து ரகசியமா மாத்திச் சொல்றீங்களா?"

அந்த மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். சிரித்தார்கள், அண்ணனைப் பார்த்துச் சிரித்த அளவுக்கு இல்லை. அவர் வரவில்லை. போன் செய்தேன். பெட்டியை மறுபடி போட்டிருக்கிறாராம், சூடு நிலைக்க நாளாகுமாம், தனியாக விட்டுவிட்டு வர மனசில்லையாம்.