கேபிள் கார் பணிப்பாளர் சீதாலெட்சுமி

சீதாலெட்சுமிக்கு முப்பத்தெட்டு வயது. அதில் ஐந்து மாதம் அவள் ஒரு கம்பெனியின் பணிப்பாளராக இருந்தாள். அந்த விஷயம் ஊரிலேயே கடைசியாக அவளுக்குத்தான் தெரிந்தது.

வட்டவளைக்கு மேலே கூனிமலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், பகலில் கொழுந்து பறிப்பதும் அந்திக்குத் தையல் மெஷின் மிதிப்பதுமாக இருந்தவள் அவள். கம்பெனி அவளுடைய கணவன் தரணிதரனுடையது. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலை உச்சிக்குக் கேபிள் கார் விடப்போவதாகச் சொல்லி, தோட்டம் முழுக்க அவன் பணம் சேர்த்தான். கட்டியவர்களுக்கு ஆளுக்கொரு பளபளப்பான அட்டை. அட்டையில் கேபிள் கார் படம், அதன் கீழே பணிப்பாளர் என்று அவன் மனைவியின் பெயர். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு ஜன்னல் ஓரச் சீட்டு.

வேறு ஊரில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கூனிமலையில் யாரும் சிரிக்கவில்லை. மேல்மலையிலிருந்து கொழுந்து மூட்டைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு தேயிலை ஸ்டோருக்குப் பறந்து வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

“கொழுந்து மூட்ட கம்பியில போச்சா, இல்லியா?” என்று தரணிதரன் கேட்பான்.

“போச்சு.”

“அப்ப மனுசன் மட்டும் ஏன் போக மாட்டான்? மூட்டைய விட நீங்க கனமா?”

போதாததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே புதுக் கம்பி இழுத்துக் கட்டினான். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் கோழியை ஒரு வாளியில் உட்காரவைத்து மேலிருந்து அனுப்பினான். கோழி பத்திரமாக வந்து சேர்ந்தது. வந்த கையோடு வாளிக்குள் ஒரு முட்டையும் போட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் ஜன்னல் ஓரம் அத்தனையும் விற்றுப்போயிற்று.

“அது பயத்துல போட்ட முட்டைங்க,” என்று சீதாலெட்சுமி சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மலைக்கு யாத்திரை போகும் சீசன் தொடங்கியது. கேபிள் கார் தொடங்கவில்லை. 2024 தைப்பொங்கலுக்கு மறுநாள், கொழும்பில் இஞ்சினியரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய தரணிதரன் திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் இஞ்சினியரே தோட்டத்துக்கு வந்தார். அவர் ஹட்டனில் ஐஸ்கிரீம் விற்பவர். போனில் இஞ்சினியர் மாதிரி பேசியதற்குத் தரணிதரன் தருவதாகச் சொன்ன கூலி இன்னும் வரவில்லையாம்.

ஊர் திரண்டு பணிப்பாளர் வீட்டு வாசலுக்கு வந்தது.

“நான் டைரக்டரா?” சீதாலெட்சுமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எனக்கே ஒரு ஜன்னல் சீட்டு குடுக்கலீங்களே அந்த மனுசன்!”

யாரும் நம்பவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போனால், அவள் பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து நின்றார்கள். கங்காணி, “பணிப்பாளர் அம்மா வந்தாச்சா?” என்று கூப்பிட்டுவிட்டு அவளுக்கு ஆக மேட்டில் இருந்த தேயிலை நிரையைக் கொடுத்தார். மகள் தனுஜா ஹட்டனுக்குப் படிக்கப் போகும் பஸ்ஸில் ஏறினால், “ஜன்னல் ஓரம் புக் ஆயிருச்சு!” என்று பையன்கள் கத்தினார்கள். காலியான இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே போய் வந்தாள். பிறகு போவதையே விட்டுவிட்டு, போர்வைக்குள் சுருண்டுகொண்டாள்.

கடைசியாக, கோயில் கமிட்டித் தலைவர் நல்லமுத்து ஆட்களோடு வந்து தையல் மெஷினைத் தூக்கினார்.

“இது எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்ததுங்க தலைவரே. தனுஜா படிப்பே இதுலதான் ஓடுது.”

“கோவிச்சுக்காதம்மா. ஒம் புருசன் வீட்டுல தூக்குறதுக்கு வேற என்னா இருக்கு? மெஷின் அம்மன் காவல்ல இருக்கும். அவன் வர்ற அன்னைக்கு மெஷினும் ஒன் வீட்டுக்கு வரும். இது அம்மன் மேல சத்தியம்.”

மெஷின் மாரியம்மன் கோயில் சாமான் அறைக்குப் போனது. பூசாரி அதற்கும் ஒரு விபூதிப் பட்டை போட்டுவிட்டார். திருவிழா நெருங்கியதும்தான் கமிட்டிக்கு, கொடி தைக்கவும் அம்மனுக்குப் பாவாடை தைக்கவும் தோட்டத்தில் வேறு ஆள் இல்லை என்பது உறைத்தது. சீதாலெட்சுமியையே கூப்பிட்டார்கள். அவள் கோயிலுக்குப் போய்த் தன் மெஷினிலேயே கூலியில்லாமல் தைத்துக் கொடுத்தாள். அந்தக் கால்மெஷினை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவிடுவாள் என்பதுபோல ஒருவர் வாசலில் காவலிருந்தார்.

திருவிழா மார்ச் பத்தாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கொத்மலையிலிருந்து ஒரு காவடிக் கூட்டம் வந்தது. அதில் பறவைக் காவடி ஒன்று. டிரக்டரில் கட்டிய நீளக் கழியில், முதுகிலும் காலிலும் கொக்கிகள் மாட்டி, குப்புறக் கிடந்தபடி அந்தரத்தில் ஆடிக்கொண்டு வந்தது சாமி. கன்னத்தில் வேல் குத்தியிருந்தது. முகமெல்லாம் மஞ்சள், மார்பு வரை தாடி, தாடிக்குக் கீழே மாலை. கொத்மலைச் சாமி நல்ல அருள் உள்ள சாமி என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

லயத்துக்கு லயம் டிரக்டர் நிற்கும். சீதாலெட்சுமியும் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு வாசலில் நின்றாள். சாமியின் காலுக்கு ஊற்ற வேண்டும். கால் எங்கோ மேலே இருந்தது. அண்ணாந்து பார்த்தாள்.

காலைப் பார்க்கவில்லை. கால்சட்டையைப் பார்த்தாள். மஞ்சள் துணி, அதில் குட்டிக் குட்டிச் சிவப்புப் பூ.

தனுஜா சின்னதில் காய்ச்சலில் கிடந்தபோது தரணிதரன் மூன்று வருடம் பறவைக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தான். இரண்டு வருடம் முடிந்திருந்தது. போலீசுக்குப் பயப்படாதவன், அம்மனுக்குப் பயந்து மூன்றாம் வருடத்துக்கு வந்துவிட்டான். கால்சட்டை அவள் தைத்துக் கொடுத்தது. ஜன்னலுக்குத் திரை தைத்து மிஞ்சிய துணி அது.

அந்தத் திரை அவள் தலைக்குப் பின்னாலேயே தொங்கியது.

குடத்தை வைத்துவிட்டுத் திரையைப் பிடித்தாள். ஓர் இழுப்பு இழுத்து உள்ளே சுருட்டிவிட்டால் போதும், கொத்மலைச் சாமி கொத்மலைக்கே போய்விடும். மேலே, மஞ்சள் பூச்சுக்கு நடுவே இரண்டு கண்கள் ‘இழு, இழு’ என்று கெஞ்சின. ஜன்னலுக்குள் போர்வைக்கு வெளியே தனுஜாவின் கால் தெரிந்தது. அதற்கு அப்பால் சிமெந்துத் தரையில், மெஷின் நின்ற இடத்தில் அதன் கால் தடங்கள்.

சீதாலெட்சுமி திரையை இரண்டு பக்கமும் நன்றாக விரித்துவிட்டு, மறைக்காமல் ஓரமாக நின்றாள்.

பக்கத்து வாசலில் அம்மாக்கண்ணு சாமியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி சாமியைப் பார்த்தாள்.

“அடியேய்! கேபிள் காரு வந்திருச்சுடி!”

லயமே கூடிவிட்டது. ஆளாளுக்கு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“எறங்குடா கீழ!” என்று ஒருவர் கத்தினார்.

“அருள் இன்னும் மலையேறல. சாமிய ‘டா’ போடாதீங்க,” என்று நல்லமுத்து பதறினார். “கேக்கிறத மரியாதையா கேளுங்க.”

அதன்பிறகு விசாரணை மரியாதையாக நடந்தது.

“சாமி, எங்க காச எப்ப சாமி குடுப்பீங்க?”

“சாமி நாசமாப் போயிருவீங்க சாமி!”

“ஜன்னல் ஓரமுன்னு சொல்லி என் காதுத் தோட்ட விக்க வச்சீங்களே சாமி, இப்ப ஒங்களுக்கு மட்டும் நாலு பக்கமும் ஜன்னலா?” என்றாள் அம்மாக்கண்ணு.

கன்னத்தில் வேல் இருந்ததால் சாமி பேச முடியவில்லை. எல்லாக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டியது. டிரக்டர் ஓட்டிய கஜேந்திரனும் இரண்டு ஜன்னல் ஓரம் வாங்கியவன். கோயில் வரைக்கும் ஒரு குழியைக்கூட அவன் தவறவிடவில்லை.

“பாத்து ஓட்டுப்பா!” என்றார் நல்லமுத்து.

“ரோட்டுல குழிய நான் வெட்டலீங்க தலைவரே.”

யாரோ போன் பண்ணி, ஒரு போலீஸ் ராலாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்.

“பூஜாவ முடிங்க. பொறவு நம்ம கூட்டிக்கிட்டு போறது,” என்று சொல்லிவிட்டு ஒரு தொன்னை பொங்கலோடு ஓரமாக உட்கார்ந்தார்.

கொக்கிகளையும் வேலையும் எடுத்ததும் தரணிதரன் முதலில் மனைவியைத்தான் தேடினான்.

“ஒரு இழுப்பு இழுத்திருந்தா என்னா புள்ள?”

“மெஷின் வேணும்ங்க,” என்றாள் அவள். பிறகு நல்லமுத்துவிடம் திரும்பினாள். “ஆளு வந்தாச்சுங்க தலைவரே.”

“ஆளு வந்தது சரிம்மா. ஆனா காசு...”

“காசு வர்ற அன்னைக்குன்னு நீங்க சொல்லல. ஆளு வர்ற அன்னைக்குன்னுதான் சொன்னீங்க. அதுவும் அம்மன் மேல.”

நல்லமுத்து அம்மனைப் பார்த்தார். அம்மன், சீதாலெட்சுமி தைத்த புதுப் பாவாடையில் இருந்தாள். அவர் சாமான் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். மெஷினைக் கஜேந்திரன் டிரக்டரிலேயே ஏற்றிக்கொண்டு போனான். திரும்பும்போது குழிகளை எல்லாம் விலக்கி ஓட்டினான்.

மறுநாள் தனுஜா பஸ்ஸில் ஏறினாள். பையன்கள் வாயைத் திறப்பதற்குள், “ஜன்னல் ஓரம் எனக்குத்தான். எங்கம்மா டைரக்டர்,” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். கோழி வந்த கம்பியில் இப்போது கீழ் லயம் முழுக்கத் துணி காய்கிறது. கம்பெனியின் சொத்து என்று போலீசாருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் அவர்கள் அவிழ்க்கவில்லை.

அடுத்த மாதம் தரணிதரனின் வழக்கு எடுக்கப்படுகிறது. கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். அம்மாக்கண்ணுவின் ரவிக்கை முடிந்த பிறகு சீதாலெட்சுமி அதைத் தைப்பாள்.