சாவியை எடுத்தாலும் பேசும் மைக்

எழுபத்தேழாம் வருஷத் தேர்தல் நேரம். திருத்துறைப்பூண்டி ஆட்டோ எலக்ட்ரீஷியன் ரெத்தினத்துக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பழைய ஜீப் ஒன்றைப் பிரச்சார வண்டியாக மாற்றியவர், சாவி போட்டால் மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வரும்படி ஒயர் இழுத்திருந்தார். முந்தின நாள் வண்டியை எடுக்க வந்த டிரைவர் இராஜாங்கம் ஒப்பவில்லை.

"சாவிய எடுத்தாலும் மைக் பேசணும்ண்ணே. வேட்பாளர் ஆரம்பிச்சா ரெண்டு மணி நேரம் நிறுத்த மாட்டாரு."

"மைக் பேசும். பேட்டரி எறங்கிப்போயி அப்புறம் வண்டி கெளம்பாது!" என்று எரிந்து விழுந்தாலும், நச்சரிப்பு தாங்காமல் ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, வண்டி போன ஊருக்குச் சைக்கிளை மிதித்தார். அங்கே ஜீப்பின் மேல் நின்ற வேட்பாளர், "உழுதவனுக்கே நிலம்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். முழக்கம் தேய்ந்து, கரகரத்து, அடங்கியது. இராஜாங்கம் சாவியைத் திருப்பினார். 'டக்' என்றதோடு சரி.

"தள்ளுங்கப்பா!" என்றார் வேட்பாளர், நின்ற இடத்திலிருந்தே.

குறுவை நடவிலிருந்து வந்தவர்கள் சேற்றுக்காலோடு தள்ளினார்கள். தன் தப்பும்தான் என்று ரெத்தினமும் தோள் கொடுத்தார். வண்டி அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தார், வேட்பாளர் இன்னும் மேலேயே நின்றார். மைக் இல்லாமலே ரெத்தினத்தின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"நெலம் கெடக்கட்டுங்க! மொதல்ல எறங்கி ஒரு கை பிடிங்க!"