எது என்று கேட்ட கிரேஸ் அக்கா

கிரேஸ் அக்கா பற்றிய செய்தி வந்தபோது நான் எங்கள் முற்றத்தில் பாசி பிரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சுதன் அண்ணை அம்மாவின் தொலைபேசிக்கு அழைப்பெடுத்தார். "அக்கா விடிய போயிட்டா, பிள்ளை" என்றார். ஈரக் கையோடு அப்படியே இருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

இந்த நினைவு மலருக்கு எழுதும் நீங்கள் அவரோடு படித்தவர்கள், வேலை செய்தவர்கள். அவரைப் பற்றி நன்றாக எழுதுவீர்கள். நான் பத்தாம் தரத்தோடு நின்றவள், அவருடைய போத்தல்களைக் கழுவியவள். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மீன் குறைந்துபோன பிறகு, எங்கள் கரையில் அம்மாவும் இன்னும் சில பெண்களும் ஒதுங்கும் கடற்பாசியைக் கழுவி உலர்த்தி, தவிடும் புண்ணாக்கும் கலந்து மாட்டுத் தீனி செய்து விற்றார்கள். எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. உரும்பிராயில் பண்ணை வைத்திருந்தவர்தான் கூடுதலாக வாங்கினார். பாசியில் ஆசனிக் என்ற நஞ்சு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவர் எங்கோ சோதிக்கக் கொடுத்தார். மிக அதிகம் என்று வந்தது. வாங்குவதை நிறுத்திவிட்டார்.

அம்மா ஒரு பை பாசியைத் தந்து என்னை கிரேஸ் அக்காவின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். எனக்குப் புது ஆட்களோடு கதைக்க வராது. வாசலில் நின்றேன். கிரேஸ் அக்கா சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி நிமிர்ந்தார்.

"வாய் திறக்க மாட்டியோ? பரவாயில்லை, பையைத் திற. அது சொல்லும்."

நஞ்சு கூடுதலாம் என்று மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"எவ்வளவு எண்டு முதல் கேக்காதை, பிள்ளை. எது எண்டு கேள்" என்றார். "ஆசனிக்கிலை பல வடிவம் இருக்கு. பாசியிலை இருக்கிற சிலது மாட்டுக்கை போய் அப்பிடியே வெளியிலை வந்திடும். கல்லு மண்ணிலை இருக்கிற அசேதன வடிவம்தான் பொல்லாதது. எல்லாரையும் ஒரே அறையிலை பூட்டிப்போட்டு எண்ணினால், ஆர் கள்ளன் எண்டு எப்பிடித் தெரியும்?"

அங்கே போத்தல் கழுவ ஆள் தேவைப்பட்டது. அவர் சொல்லி எனக்கு அந்த வேலை கிடைத்தது. கடும் அமிலத்தில் கொதிக்க வைத்தால் எல்லா வடிவங்களும் ஒன்றாகி, மொத்தம் மட்டும்தான் தெரியும். ஆகவே அவர் அரைத்த பாசியை மென்மையான கரைசலில், இளஞ்சூட்டில் ஊறவிடுவார். பிறகு கருவியின் மெல்லிய குழாயினூடாக அனுப்ப, ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். குழாய் உப்பில் அடைத்துவிடும். இடையில் கரண்ட் போனால் திரும்பவும் முதலிலிருந்து. அப்போது அவருக்குக் கொழும்பில் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. தலையில் துணி கட்டியபடி வருவார். கருவி நின்றால் மேசையில் தலையை வைத்துவிடுவார்.

"களைச்சுப் போனன், பிள்ளை. உவருக்குக் களைப்பே இல்லை" என்று கருவியைக் காட்டுவார். சிரிக்கவும் பலமில்லாத சிரிப்பு.

முடிவு வந்தபோது, அறிக்கையை என்னிடம் கொடுத்தனுப்பாமல் அவரே பஸ் ஏறி எங்கள் கரைக்கு வந்தார். பச்சைப் பாசியில் பயமில்லை. மண்ணிறப் பாசியில் அசேதன வடிவம்தான் கூட. எங்கள் கரையில் இரண்டும் சிக்குப்பட்டு ஒரே குவியலாகத்தான் ஒதுங்கும். அதிகம் மண்ணிறம்தான். நிறை கூடும் என்று யாரும் பிரிப்பதில்லை.

அம்மா கெஞ்சினார். "பரவாயில்லை எண்டு எழுதிவிடுங்கோவன், அக்கா. ஆர் பாக்கப் போகினம்?"

"மாடு பாக்காது, அம்மா. அதாலைதான் நான் பாக்கிறன்."

"எங்கடை வயித்திலை அடிச்சுப்போட்டு நியாயம் கதைக்கிறியளோ?"

அக்கா முற்றத்து மணலில் அமர்ந்து, குவியலில் ஒரு பிடியை எடுத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினார். பச்சை ஒரு பக்கம், மண்ணிறம் ஒரு பக்கம். நானும் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"தேத்தண்ணி ஒண்டும் இல்லையோ இந்த வீட்டிலை?" என்று பகிடியாகக் கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். வரவில்லை. அக்கா சேலையில் மணலைத் தட்டிவிட்டு, "வாறன், பிள்ளை" என்று பஸ்ஸுக்கு நடந்தார்.

பிறகு அம்மா பிரிக்கத் தொடங்கினார். வேறு வழியிருக்கவில்லை. பச்சையை மட்டும் உரும்பிராய்க்காரர் திரும்ப வாங்கினார். தீனி பாதிக்கும் கீழே குறைந்தது, வேலை இரண்டு மடங்கானது. அக்காவின் பெயரை அம்மா வீட்டில் எடுக்கவே இல்லை.

செத்த வீட்டுக்குத் தானும் வருவதாக அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. அங்கே யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார்கள். அம்மா கையெடுத்து மறுத்தார். அவர்கள் வற்புறுத்தினார்கள்.

"வேண்டாம், தங்கச்சி" என்றார் அம்மா. "அவ கேட்டு நான் குடுக்கேல்லை. இஞ்சை என்னெண்டு குடிக்கிறது?"

நேற்றும் பிரித்தோம். முதுகு உளைகிறது, விரல் இடுக்கெல்லாம் உப்பு. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குவியலை அப்படியே அள்ளி உலரப் போட்டார். எல்லாம் பாசிதானே என்றார். எனக்கு இப்போதும் கதைக்க வராது. ஆனாலும் எழும்பிப் போய் அவரிடம் கேட்டேன்.

"எது, அக்கா?"

கிரேஸ் அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான்.