உறுமாத நாய்

தலத்தெருவில் வீடு கட்டிக் குடிவந்த வருடம் ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தேன். ‘உட்கார்’, ‘வா’, ‘இரு’ என்ற மூன்று சொற்களையும் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டான். சாப்பிடும்போது கிட்டே போனால் மட்டும் உறுமுவான். எனக்கு அது அவமானமாக இருந்தது. "சோறு போடுற என்கிட்டயேவா?" என்று மூக்கில் தட்டுவேன். ஒரு தடவைகூட விடாமல் தட்டினேன். ஒரு வயது ஆவதற்குள் உறுமுவதையே நிறுத்திவிட்டான். நல்ல நாயாக வளர்த்துவிட்டேன் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் மீன் விற்க வரும் அம்மா அவனுக்கு ஒரு பாறை மீன் தலையைப் போட்டுவிட்டுப் போனார். முள் குத்திவிடுமே என்று பிடுங்கக் குனிந்தேன். அவன் உறுமவில்லை. உடம்பு மட்டும் விறைத்தது. தலையைத் தூக்காமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். அடுத்த நொடி கட்டைவிரலுக்குக் கீழே பல் இறங்கியது.

கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவும்போது என் கணவர் கேட்டார்: "இந்த வருஷம் அவனுக்கு வெறிநோய் ஊசி போட்டமா?"

போடவில்லை. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தோம். போட வேண்டிய தேதி ஐந்து மாதம் தாண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தோளிலும் புண்ணைச் சுற்றியும் ஊசி போட்டார்கள். "நாயைக் கட்டிப்போட்டு பத்து நாள் பாருங்க. எதாவது மாறுனா உடனே வந்து சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவனைக் கொல்லைப்புறத்தில் கட்டினோம். சோற்றுத் தட்டைக் குச்சியால் தள்ளிவிட்டு உள்ளே ஓடி வந்துவிடுவேன். தின்கிறானா என்று நின்று பார்க்கக்கூட தைரியமில்லை.

ஆறாம் நாள் காலை அவன் வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. முந்தின நாள் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. தண்ணீர்ச் சட்டியில் வாயை வைத்தவன் வெடுக்கென்று பின்வாங்கினான். வெறி பிடித்தால் தண்ணீர் இறங்காது என்பார்கள். சமையலறைக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து விழுங்கிப் பார்த்தேன். இறங்கியது. நம்பாமல் இன்னொரு டம்ளர் குடித்தேன்.

"உனக்குத்தான் ஊசி போட்டாச்சே, ஒண்ணும் ஆகாது" என்றார் கணவர். சொல்லிவிட்டு அவரே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார்.

கால்நடை மருத்துவர் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னப் பெண். தடித்த கையுறை போட்டு, மயக்க ஊசி கொடுத்து, அவன் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். மேல் அண்ணத்தில், இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் நடுவே அந்த மீன் தலையின் முள்ளெலும்பு ஒன்று குறுக்காகச் சிக்கி, சதை புண்ணாகியிருந்தது. இடுக்கியால் எடுத்துக் காட்டினார். நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"எதுக்கும் பத்து நாள் முடியட்டும்" என்றார் அவர். பிறகு, "கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர். உறுமக் கூடாதுன்னு பழக்கியிருக்கேன்."

அவர் கையுறையைக் கழற்றியபடியே சொன்னார்: "கிட்ட வராதேன்னு அதுக்குச் சொல்லத் தெரிஞ்சது அது ஒண்ணுதாங்க. அதை அடிச்சு நிறுத்திட்டா வேற எப்படிச் சொல்லும்?"

மீதி நான்கு நாளும் அவன் நன்றாகத் தின்றான். பதினோராம் நாள் கணவர் அவனை அவிழ்த்துவிட்டார். வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டேன். அவனுக்கு அது புரியவில்லை. வெகுநேரம் வாசலிலேயே நின்றான்.

அப்புறம் நான்தான் பழக வேண்டியிருந்தது. அவன் தின்னும்போது தூரத்திலிருந்து ஒரு துண்டு அவித்த முட்டையை எறிந்துவிட்டு நகர்ந்துவிடுவேன். தினமும் அதையே செய்தேன். பல மாதம் கழித்து, ஒருநாள் தெரியாமல் தட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். அவன் தொண்டையிலிருந்து மெல்லிய உறுமல் வந்தது. "சரிப்பா, சரி" என்று இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். அவன் குனிந்து தின்னத் தொடங்கினான்.