ஜிம்மியின் ரோமத்தோடு பள்ளிக்கரணை வரை

போன ஞாயிறு காலை ஒன்பது பத்துக்கு நானும் என் மனைவி சுமதியும் சிட்லபாக்கத்திலிருந்து கிளம்பினோம். காரணம் ஜிம்மி. பதின்மூன்று வருஷம் எங்களோடு இருந்த பொமரேனியன், தை மாதம் செத்துப்போனது. சீவும்போதெல்லாம் வந்த ரோமத்தை சுமதி ஒரு தலையணை உறையில் சேர்த்து வைத்திருந்தாள். பள்ளிக்கரணையில் ஹசீனா என்பவர் விலங்கு ரோமத்தைக் கையால் நூற்கக் கற்றுத்தருகிறார், நாய் ரோமத்தையும் நூற்கலாம் என்று தெரிந்த அன்றுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் முன்னால் நான் ஒரு உபகாரம் செய்தேன். அவள் வெளியே போன நேரத்தில் அந்த ரோமத்தைச் சுடுதண்ணீரும் சோப்புமாக வாஷிங் மெஷினில் போட்டு, மாடியில் உலர்த்தி, பழையபடி உறையில் திணித்து வைத்தேன். கொஞ்சம் திரண்டிருந்தது. பிய்த்தால் சரியாகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

மேடவாக்கம் வழியாக ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 240 ரூபாய்.

"இன்னா சார், பஞ்சு மூட்டையா?" என்றார் டிரைவர்.

"நாய் முடி. நூல் நூக்கப் போறோம்."

"நாய் முடிக்கா இம்மாந்தூரம்? செம பேஜாரு சார்!"

நானும் சிரித்துத் தொலைத்தேன். சுமதி சிரிக்கவில்லை.

வகுப்பு பத்து மணிக்கு, ஆளுக்கு 900 ரூபாய். மேஜையில் நீலகிரி ஆட்டு ரோமம் சொரசொரவென்று இருந்தது, மெரினோ ஆட்டினுடையது வழுக்கியது, அங்கோரா முயல் ரோமம் மின்விசிறிக் காற்றுக்கே பறந்தது. தக்ளி என்ற கைக்கதிரைச் சுழற்றி, ரோமத்தை மெல்ல இழுக்க வேண்டும். சுமதிக்கு ஏழு முறை அறுந்து, எட்டாவது முறை நூல் வந்தது. அவள் முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

"ஜிம்மியை எடுக்கட்டுமா மேடம்?" என்று உறையைக் கவிழ்த்தாள். கெட்டியாக ஒரு கட்டி விழுந்தது.

ஹசீனா அழுத்திப் பார்த்தார். "சுடுதண்ணில அலசினீங்களா? ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சு மேடம். இனிமே பிரியாது."

"நான் தண்ணியே காட்டலையே" என்ற சுமதி என் பக்கம் திரும்பினாள்.

"மெஷின்ல போட்டேன். நாத்தம் அடிக்குமேன்னு..."

"அந்த நாத்தத்துக்குத்தாங்க வச்சிருந்தேன்."

போகிறவர்களுக்கு: சீவி எடுத்த அடிரோமம்தான் நூற்க வரும், கத்தரித்தது வராது. துவைப்பதென்றால் ஆறிய தண்ணீரில், கசக்காமல். உங்களுடையது இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

ஹசீனா பாவம், கட்டியை வெட்டி, நடுவில் தப்பித்த கொஞ்சத்தைப் பிய்த்து ஒரு சாண் நூல் நூற்றுக் கொடுத்தார். சுமதி அதை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். சோப்பு வாசனை அடித்தது. என் சட்டைப் பையில் வைத்தேன். இன்று வரை அவள் அதைக் கேட்கவில்லை.